பள்ளிக்கூடத்திற்கு ஒரு மாதிரி இருப்புப்பாதை: கற்பனைப் பாதையைத் திட்டமிடும் முறை

புனே நகரின் கோத்ரூட் பகுதியில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் உள்ளது. பி. எஸ். ஜோஷி என்பார் பல்லாண்டுகள் முயன்று அமைத்த மாதிரி இருப்புப்பாதையே அதன் உள்ளடக்கம். 1998ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்கெனத் திறக்கப்பெற்றது. அங்குக் காணப்படும் நகரம் இந்தியாவிலுள்ள எந்த ஊரின் பிரதியும் அன்று. முழுவதும் கற்பனையில் எழுந்தது. நீராவி வண்டியும் விரைவு வண்டியும் தொங்கு வண்டியும் ஒரே தளத்தில் ஓடுகின்றன. கைகாட்டிகள், பாலங்கள், தெரு விளக்குகள் யாவும் அவற்றிற்கேற்பச் சிறு உருவில் அமைந்துள்ளன. புனேக்குச் செல்லும் ஆசிரியர்கள் மாணவர்களுடன் சென்று காணத்தக்க இடம் அது.

ஆயினும் அதனைக் கண்டு திரும்பும் ஆசிரியர் அதைப் போன்றதொன்றையே தம் பள்ளியில் அமைக்கவேண்டுமென்று எண்ணலாகாது. அருங்காட்சியகம் பார்ப்பவர்க்காக அமைந்தது. ஒருவர் இயக்க, பலர் காண்பர். பள்ளி மாதிரியோ இயக்குபவர்க்காக அமைவது. இவ்விரண்டிற்கும் திட்டம் வேறு. பார்வைக்கென அமைந்ததைப் பள்ளியில் வைத்தால், முதல் வாரம் வகுப்பு முழுவதும் சூழ்ந்து நிற்கும். மூன்றாம் வாரம் வண்டி வட்டமாகச் சுற்றுவதைப் பார்ப்பாரிரார். ஆண்டிறுதியில் பலகை கிடங்கறையைச் சேரும். பணமும் உழைப்பும் வீணாவதோடு, விஞ்ஞான மன்றத்திற்கு மறுமுறை நிதி கேட்கும் வழியும் அடைபடும். இக்கட்டுரையில் அவ்வாறு நேராவண்ணம் ஒரு சிறு மாதிரியைத் திட்டமிடுவது எங்ஙனம் என்பதை ஆராய்வோம். சிற்றூர்ப் பொருட்காட்சிகளுக்கு மாதிரிகளைக் கொண்டுசெல்லும் களப்பணியாளர்களும் பயன்கொள்ளுமாறு, பிரித்தெடுத்துச் செல்லத்தக்க அளவையே எடுத்துக்கொள்வோம்.

கற்பனைப் பாதை என்பது யாது?

மாதிரி இருப்புப்பாதைகள் இரு வகைப்படும். உண்மையான ஒரு பாதையை, ஒரு நிலையத்தை, உள்ளது உள்ளவாறு சிறிதாக்குவது ஒரு வகை. எங்கும் இல்லாத, ஆனால் இருந்திருக்கக்கூடிய ஒரு பாதையைப் படைப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் புகழ்பெற்றவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். கலிபோர்னியாவில் தம் இல்லத்தில் அவர் அமைத்த கற்பனை மலைப்பாதை உலகெங்கும் மாதிரி அமைப்போர்க்கு வழிகாட்டியாயிற்று. 1973இல் அவர் மறைந்த சில நாட்களில் அது தீக்கிரையாயிற்று. இன்று நிழற்படங்களே எஞ்சியுள்ளன.

கற்பனை என்றவுடன் கட்டுப்பாடு இல்லை என்று கொள்வது பெரும்பிழை. உண்மைப் பாதையைப் பிரதி செய்பவனுக்கு அளந்து பார்க்க ஓர் இடமாவது உண்டு. கற்பனைப் பாதையை அமைப்பவனோ, பொறியாளரும் வணிக அதிகாரியும் முடிவு செய்திருக்கக்கூடிய அனைத்தையும் தானே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவுகளுக்குக் காரணம் கூறுவதே பள்ளிக்கு இதனால் விளையும் பயன்.

முதலில் சரக்கு, பின்னரே தண்டவாளம்

“இப்பாதை எதனைச் சுமக்கிறது?” என்பதே முதற்கேள்வி. இதற்கு விடை கூறாமல் தண்டவாளம் வாங்கலாகாது.

புனே மாவட்டத்தின் கிழக்குப் பகுதி கரும்பு விளையும் பூமி. ஆகவே நம் கற்பனைப் பாதை, பிரதான பாதையிலுள்ள ஒரு சந்திப்பிலிருந்து ஒரு சர்க்கரை ஆலை வரை செல்லும் குறுகிய பாதையாக இருக்கட்டும். ஆலை இருக்குமிடத்தை ஆலையூர் என்போம். ஆலை நாளொன்றுக்கு 1,000 டன் கரும்பு ஆட்டுவதாகவும், நூற்றுக்குப் பத்து வீதம் சர்க்கரை கிடைப்பதாகவும் கொண்டால், நாள்தோறும் 100 டன் சர்க்கரை வெளியே செல்லவேண்டும். சாக்குகளும் இயந்திர உறுப்புகளும் உள்ளே வரவேண்டும்; சர்க்கரைப்பாகின் கழிவு தொட்டி வண்டிகளில் வெளியேறவேண்டும். ஆலை ஐப்பசி கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி சித்திரை வரை ஓடும், பின்னர் ஓயும். ஓய்ந்த மாதங்களில் இப்பாதைக்கு என்ன வேலை? இக்கேள்வியை மாணவர்களிடமே விட்டுவிடலாம். சந்தை வண்டியென்றும் திருவிழா வண்டியென்றும் அவர்களே கண்டுபிடிப்பர்.

இத்தகைய பாதைக்கு உண்மை முன்மாதிரி அருகிலேயே இருந்தது. குர்துவாடியையும் பார்சியையும் இணைத்து 1897இல் திறக்கப்பட்ட பார்சி இலகு இருப்புப்பாதை 762 மில்லிமீட்டர் அகலமுடையது. அதனை அமைத்த எவரார்டு கால்த்ராப் என்னும் ஆங்கிலப் பொறியாளர், இயந்திரமாயினும் பெட்டியாயினும் ஓர் அச்சின்மேல் 5 டன்னுக்கு மேல் சுமை விழலாகாது என விதித்தார். அதனால் இலேசான தண்டவாளமே போதுமானதாயிற்று, செலவு குறைந்தது. நான்கு அச்சுகளுடைய பெட்டி, தன் எடையும் சேர்ந்து 20 டன் வரை இருக்கலாம். பெட்டியின் எடையைக் கழித்துச் சரக்கு ஏறக்குறைய 14 டன் எனக் கொண்டால், 100 டன் சர்க்கரைக்கு நாளொன்றுக்கு எட்டுப் பெட்டிகள் தேவை. நம் மாதிரியில் ஒரு தடவைக்கு மூன்று பெட்டிகளாக மூன்று தடவை ஓட்டலாம்.

சந்திப்பில் நிகழ்வதைக் கவனிக்கவேண்டும். குறுகிய பாதைப் பெட்டி அகலப்பாதையில் செல்லாது. அக்காலத்தில் சர்க்கரை மூட்டை 100 கிலோகிராம். 100 டன்னுக்கு 1,000 மூட்டைகள். ஆயிரம் மூட்டைகளையும் ஒரு பெட்டியிலிருந்து இறக்கி மற்றொரு பெட்டியில் ஏற்றவேண்டும். நாள்தோறும் தொழிலாளர் தோளில் ஏற்றவேண்டும். பாதை அகலங்கள் வேறுபடுவதால் நாட்டிற்கு விளைந்த இடர்ப்பாடு, பாடப்புத்தகத்தின் பத்து வரிகளைவிட இந்த ஒரு மேடையில் தெளிவாக விளங்கும். பார்சிப் பாதையும் 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பட்டுவிட்டது.

காலமும் இடமும்

அடுத்து, எந்த ஆண்டு என்பதை முடிவு செய்க. இது அழகுக்காக மட்டுமன்று. தளத்தின் அளவையே இது மாற்றும். மும்பை–புனே பாதை 1930ஆம் ஆண்டளவில் மின்மயமாயிற்று. டெக்கான் குயின் வண்டி அவ்வாண்டு ஜூன் முதல் நாள் ஓடத் தொடங்கியது. ஆனால் புனேக்குக் கிழக்கே 1960இல் மின்கம்பி இல்லை. ஆகவே 1960இல், புனேக்குக் கிழக்கே, என்று நாம் முடிவு செய்தால் பாதையின்மேல் கம்பி அமைக்கவேண்டியதில்லை. பாலத்தினடியில் வண்டி செல்லவேண்டிய உயரம் குறைகிறது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம். பயணப் பெட்டிகளாகப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் 1955 முதல் உருவான பெட்டிகளை வைக்கலாம். தமிழ்நாட்டு மாணவர்க்கு அது மகிழ்ச்சி தரும்.

அளவு விகிதம்

உலகில் மிகுதியாக வழங்குவது எச்.ஓ. எனப்படும் 87இல் ஒரு பங்கு விகிதம். இதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதனை 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளின் அகலம். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் அது கிடைப்பதரிது. 16.5 மில்லிமீட்டர்ப் பாதையிலேயே இந்தியப் பெட்டிகளை ஓட்டுவது வழக்கமாயிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்க் குறைவைக் கண் பெரிதும் உணர்வதில்லை. குறுகிய பாதையிலோ நமக்கு நற்பேறு உண்டு. என் எனப்படும் சிறு விகிதத்திற்கென விற்கும் 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தை 87ஆல் பெருக்கினால் 783 வரும். அது 762க்கு மிக அருகில் நிற்கிறது. இக்கணக்குகளை ஏழாம் வகுப்பு மாணவர் தாமே செய்யலாம். ஆசிரியர் விடையை முன்கூட்டிச் சொல்லாதிருப்பது நன்று.

வளைவும் நீளமும்

இங்கேதான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. இந்திய அகலப்பாதையில் மிகக் கூர்மையாக அனுமதிக்கப்படும் வளைவு 10 பாகை. அதன் ஆரம் 175 மீட்டர். 87ஆல் வகுத்தால் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு முழு வட்டத்திற்கு நான்கு மீட்டர் அகல அறை வேண்டும். சரக்கு வண்டி நிற்கும் துணைத்தடத்தின் வழக்கமான நீளம் 686 மீட்டர். மாதிரியில் அது ஏறக்குறைய 8 மீட்டராகும். பள்ளி அறையில் இதற்கு இடமில்லை.

ஆதலின் சுருக்குதல் இன்றியமையாதது. எல்லாவற்றையும் ஒரே வீதமாகச் சுருக்கலாகாது. வண்டியின் உருவை விகிதப்படி வைத்துக்கொண்டு, வளைவையும் நீளத்தையும் மட்டும் சுருக்குதல் வேண்டும். 50 சென்டிமீட்டர் ஆரம் மாதிரி வண்டிகளுக்குப் போதுமானது.

ஜான் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கத் திட்ட வல்லுநர் இதற்கு எளிய முறையொன்றை வகுத்தார். வளைவின் ஆரத்தோடு இரு தடங்களுக்கிடையேயுள்ள தூரத்தின் இரு மடங்கைக் கூட்டி, அதனைப் பக்கமாகக் கொண்ட சதுரங்களாக அறையின் படத்தைப் பிரிக்கவேண்டும். வண்டி முழுதும் திரும்பிவர இரு சதுரங்களின் அகலம் தேவை. நமக்கு ஆரம் 50, தட இடைவெளி 5. ஆகவே சதுரத்தின் பக்கம் 60 சென்டிமீட்டர். சந்தையில் கிடைக்கும் எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை, ஏறத்தாழ 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர், நான்குக்கு இரண்டு சதுரங்கள் மிகச் சரியாக அமைகின்றன. இதனை நடுவில் அறுத்து இரு பலகைகளாக்கினால் வண்டியில் ஏற்றிச் செல்லலாம். இணைப்பு முன்புற நிலையத்தின் நடைமேடை நடுவே விழும். பிரிதடம் எதுவும் இணைப்பின்மேல் அமையாதவாறு காத்தல் அவசியம்.

இப்பலகைமேல் நீள்வட்டமாகச் செல்லும் பாதையின் மொத்த நீளம்: இரு அரைவட்டங்கள் 3.14 மீட்டர், இரு நேர்ப்பகுதிகள் 1.2 மீட்டர் வீதம் 2.4 மீட்டர், ஆக 5.54 மீட்டர். நிலையத்தின் நேர்ப்பகுதியில் இரு முனைகளிலும் பிரிதடங்கள் 20 சென்டிமீட்டர் வீதம் போக, துணைத்தடத்திற்கு எஞ்சுவது 80 சென்டிமீட்டர். நீராவி இயந்திரம் நிலக்கரிப் பெட்டியோடு ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். நான்கு சக்கரச் சரக்குப் பெட்டி 9. நான்கு பெட்டிகளும் ஒரு கார்டு பெட்டியும் சேர்ந்து மொத்தம் 73. சரக்கு வண்டி நிற்க இடமுண்டு. பயணப் பெட்டி ஒவ்வொன்றும் 25.6 சென்டிமீட்டர்; இரண்டை மாட்டினாலே 79 ஆகிவிடும். இது போதாது. ஒரு பிரிதடத்தை வளைவினுள் தள்ளித் துணைத்தடத்தை நீட்டினாலன்றி மூன்றாம் பெட்டிக்கு வழியில்லை. பெட்டிகள் வாங்கிய பின்னர் இதனை அறிவதினும், தாளில் வரையும்போதே அறிதல் நன்று.

ஏற்றம்

புனேக்கு வந்த இருப்புப்பாதையின் வரலாறு ஏற்றத்தின் வரலாறேயாகும். கண்டாலாவிலிருந்து புனே வரை 1858ஆம் ஆண்டிலேயே வண்டி ஓடியது. ஆனால் போர் கணவாயில் பாதை முடிய 1863 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பயணிகள் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மலையேறிச் சென்று மறுவண்டி பிடித்தனர். 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்னும் அந்த ஏற்றத்தில் இன்றும் கர்ஜத்திலிருந்து லோணாவளா வரை பின்னாலிருந்து தள்ளும் இயந்திரங்கள் தேவைப்படுகின்றன.

மாதிரியிலும் இதே விதிதான். ஒரு பாதை மற்றொன்றின்மேல் குறுக்கே செல்லவேண்டுமென்று மாணவர் அனைவரும் விரும்புவர். மின்கம்பி உண்டெனில் மேற்பாதை 9 சென்டிமீட்டர் உயரவேண்டும்; நாம் 1960ஐத் தேர்ந்ததால் 7 சென்டிமீட்டர் போதும். 40க்கு 1 என்னும் ஏற்றத்தில் 7 சென்டிமீட்டர் உயர 2.8 மீட்டர், மீண்டும் இறங்க 2.8 மீட்டர், ஆக 5.6 மீட்டர். நம் நீள்வட்டம் முழுவதும் 5.54 மீட்டரே. நிலையத்திற்குச் சமதளம் ஒரு சாணும் மிஞ்சாது. இப்பலகையில் பிரதான பாதை தன்னைத்தானே கடப்பது இயலாது; விற்பனைப் படங்களைக் கண்டு முயல்வோர் பலர் இங்கேதான் கைவிடுகின்றனர்.

தீர்வு யாதெனில், ஏறியது இறங்கவேண்டியதில்லை என்று அமைப்பதே. பிரதான பாதையின் பின்புற நேர்ப்பகுதியை ஒரு குன்றினடியில் மறைத்துவிடுக. குறுகிய பாதை முன்புறச் சந்திப்பிலிருந்து நீள்வட்டத்தின் உட்புறமாக ஏறிச்சென்று அக்குன்றின்மேலுள்ள ஆலையூரில் முடியட்டும். முன்புறம் 1.2 மீட்டரும் வளைவில் 1.1 மீட்டரும் சேர்ந்து 2.3 மீட்டர், சந்திப்பு மேடைக்கு அரை மீட்டர் விட்டால் ஏறுவதற்கு 1.8 மீட்டர். குறுகிய பாதைக்கு 25க்கு 1 ஏற்றம் மிகையன்று. நேரலிலிருந்து மாதேரானுக்கு ஏறும் உண்மைப் பாதையிலேயே 20க்கு 1 உண்டு. அவ்வீதத்தில் 7 சென்டிமீட்டருக்கு 1.75 மீட்டர் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் மிஞ்சுவது தாளில் மட்டுமே. சமதளத்திலிருந்து ஏற்றத்திற்குப் பாதை மெல்ல வளைந்தெழவும் இடம் வேண்டுமன்றோ? எனவே பிரதான பாதையை இருபுற வளைவுகளிலும் 50க்கு 1 வீதம் ஒரு மீட்டர் தூரம் இறக்கி, குன்றினடியில் 2 சென்டிமீட்டர் தாழ்த்துக. இப்போது குறுகிய பாதை 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும், 1.25 மீட்டரில் முடிந்துவிடும்.

குன்றினடியில் இரண்டு தடங்கள் அமைத்தால், ஒன்றில் புனேயிலிருந்து வரும் வண்டியும் மற்றொன்றில் தௌண்டிலிருந்து வரும் வண்டியும் மறைந்து காத்திருக்கலாம். காண்போர்க்குப் பாதை வட்டம் என்பது தெரியாது. மறைவான இடத்தில்தான் வண்டி தடம்புரளும் என்பது அனுபவ விதி. பலகையின் பின்புறம் கை நுழையும் அளவு திறந்திருக்கவேண்டும்.

குன்று

இக்குன்றைக் கூம்பாக அமைப்பது சஹ்யாத்திரிக்குப் பொருந்தாது. தக்காணத்தின் மேற்குப்பகுதி, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்குமுன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதால் உண்டான கருங்கல் நிலம். படிகளைப் போன்று தட்டைத் தலையும் செங்குத்துப் பக்கமும் உடைய மலைகள் அங்கே காணப்படுகின்றன. படிக்கட்டைக் குறிக்கும் சுவீடிய மொழிச் சொல்லாலேயே அப்பாறையைப் புவியியலார் குறிப்பிட்டனர். நமக்கு இது வசதியே. ஒரு சென்டிமீட்டர்க் கனமுள்ள அட்டைகளைச் சமஉயரக் கோடுகளின் வடிவில் வெட்டி அடுக்கிப் பசையிட்டால் படிமலை தானே உருவாகிவிடும். சமஉயரக் கோட்டுப் படம் பற்றிய பாடமும் முடிந்துவிடும். ஓர் அட்டையின் கனம் 87 சென்டிமீட்டர் உயரத்தைக் குறிக்கும்.

மின்சாரம்

மாதிரி இயந்திரங்கள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவன. வீட்டு மின்சாரம் பலகையின் அருகே வரலாகாது. குறைத்துத் தரும் கருவி சுவரருகே மூடிய பெட்டியில் இருக்கவேண்டும். இரு தண்டவாளங்களும் இரு முனைகளாகையால், பாதை திரும்பி வந்து தன்னோடே எதிர்த்திசையில் சேரும் அமைப்பில் குறுக்கு மின்னோட்டம் உண்டாகும். நம் திட்டத்தில் அத்தகைய திருப்பம் இல்லை. ஒவ்வொரு துணைத்தடத்திற்கும் தனித்தனிச் சொடுக்கி வைத்தால் போதும்.

இயக்கம்

இனி வகுப்பிற்கு வருவோம். முதலில் வேகத்தை அளக்கச் செய்க. பாதையில் ஒரு மீட்டர் தூரத்தைக் குறித்து, அதனைக் கடக்க ஆகும் வினாடிகளால் 313ஐ வகுத்தால் உண்மை வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் எனக் கிடைக்கும். 8 வினாடியெனில் ஏறக்குறைய 39. சிறுவர் ஓட்டும் முதல் வண்டி பெரும்பாலும் மணிக்கு இருநூறைத் தாண்டும்; இக்கணக்கைச் செய்தபின் தாமே குறைத்துக்கொள்வர்.

கடிகாரத்தையும் மாற்றவேண்டும். ஐந்து நிமிடத்தை ஒரு மணி எனக் கொண்டால், 45 நிமிடப் பாடவேளை காலை 6 முதல் மாலை 3 வரை ஆகும். கரும்பலகையில் கால அட்டவணை எழுதுக: தௌண்டுப் பயண வண்டி 7 மணிக்கு, ஆலையூரிலிருந்து முதற் சர்க்கரை வண்டி 8 மணிக்கு, அது வரும்வரை அகலப்பாதைச் சரக்கு வண்டி துணைத்தடத்தில் நிற்கவேண்டும், 9 மணிக்கு எதிர்த்திசையிலிருந்து புனே வண்டி. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஐவர் மட்டுமே கைவைக்க முடியும் என்பது இம்முறையின் குறை. மற்றவர்க்கு வருகைப் பதிவேடு, மூட்டைக் கணக்கு, தாமத அறிக்கை ஆகியவற்றைப் பகிர்ந்தளிக்கலாம். தாமத அறிக்கை எழுதுபவனே வகுப்பில் மிக அதிகாரமுடையவனாகிவிடுவதைக் காணலாம்.

நம் பிரதான பாதை ஒற்றைத் தடம் என்று கொள்க. அதில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்தால் என்ன நேரும் என்று கேட்கவேண்டியதில்லை; மாணவர் செய்தே காட்டுவர். உண்மைப் பாதைகளில் இதனைத் தடுக்க நீல் என்பாரின் பந்து அடையாளக் கருவி இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு நேரத்தில் ஒரு பந்து மட்டுமே வெளிவரும். அதனைக் கையிற்கொண்ட ஓட்டுநரே அப்பகுதியில் நுழையலாம். வகுப்பில் இதற்கு இரு நிறங்களில் இரண்டு மரக்கோலிகள் போதும்: சந்திப்பிற்குப் புனேப் பக்கம் ஒன்று, தௌண்டுப் பக்கம் ஒன்று. குன்றின் பின்னே மறைதடத்தைக் காக்கும் மாணவனும் சந்திப்பு நிலைய அதிகாரியாக இருக்கும் மாணவனும் ஒருவரையொருவர் காணாதபடி நடுவே ஓர் அட்டையை நிறுத்தி, மணியோசையால் மட்டும் பேசிக்கொள்ளச் செய்க: ஓர் அடி “கேட்கிறீரா?”, இரண்டடி “வண்டி வரலாமா?”, மூன்றடி “வந்து சேர்ந்தது”. வண்டியின் கடைசிப் பெட்டியைக் கண்ணாற் கண்ட பின்னரே மூன்றடி அடிக்கவேண்டும். ஆசிரியர் மாணவர் அறியாமல் இடையில் ஒரு பெட்டியைக் கழற்றிக் குன்றினடியில் விட்டுவைத்து, மூன்றடி அடிக்கிறார்களா என்று பார்க்கலாம்.